உள்பேச்சுச் சீனி

வாடைக்காற்று திரும்பிய அன்றைக்குத்தான் அது தொடங்கியது என்று சவேரியார் குடியிருப்பில் எல்லோரும் சொல்வார்கள். அலை வந்து கரையோர வீடுகளைக் கொண்டுபோன பிறகு, கடலுக்கு முதுகு காட்டி, ஒரே அச்சில் வார்த்ததுபோல அரசாங்கம் கட்டிக் கொடுத்த அந்த வரிசை வீடுகளில், ஒருவர் தனக்குள் தானே பேசிக்கொள்வது அன்று முதல் வெளியே கேட்டது. வாய் மூடியிருக்கும், உதடு அசையாது, ஆனால் பிடரிக்குப் பின்னாலிருந்து, துணி போட்டு மூடிய ரேடியோ மாதிரி, அவரவர் குரலிலேயே, அவரவர் மனசு அவரவரைப் பார்த்துச் சொல்வது பக்கத்தில் நிற்பவர் காதில் விழும். முதலில் விழுந்தது தண்ணீர்க் குழாயடியில். மோட்சம் வரிசையில் வாயைத் திறக்காமல்தான் நின்றாள். ஆனாலும் அவள் குரல், "ஏட்டி மோட்சம், முன்னால நிக்கவ அசந்த நேரம் அவ கொடத்தக் காலால தள்ளிட்டு நீ முந்திக்கிடுட்டி" என்றது. முன்னால் நின்றவள் திரும்பி, "தள்ளித்தான் பாரேன்" என்றாள். இருவரும் கொஞ்சம் சண்டை போட்டார்கள், பிறகு தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார்கள். ஆச்சரியப்பட யாருக்கும் நேரமில்லை. தண்ணீர் கொஞ்ச நேரம்தான் வரும்.

எல்லாமும் கேட்கவில்லை. ஆசை கேட்காது, ஞாபகம் கேட்காது, கண்ணுக்குள் ஓடும் படம் கேட்காது. தனக்குத்தானே வார்த்தையாகச் சொல்லிக்கொண்டது மட்டும்தான் கேட்கும். அதை உள்பேச்சு என்றார்கள். இன்னது என்று தெரிந்தபிறகு சனம் அதற்குத் தக்கபடி நடந்துகொள்ளப் பழகியது. ஏலக்கூடத்தில் மீன் கேட்க வந்த வியாபாரிகள், எதுவரை கேட்பது என்று மனசு உளறிவிடாமலிருக்க உள்ளுக்குள் மாதா பாட்டைப் பாடிக்கொண்டே ஏலம் கேட்டார்கள். ஆகவே அந்த மாதங்களில் ஏலக்கூடம் கோயிலைவிடப் பக்தியாக இருந்தது. சீட்டாட்டம் நின்றுபோனது. சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனவர்கள் வரிசையில் நிற்கும்போதே பாவங்களை ஒத்திகை பார்த்ததால், வரிசையில் நின்ற எல்லோருக்கும் எல்லோருடைய பாவமும் தெரிந்துபோனது. பங்குச் சாமியார் வரிசையைக் கலைத்து, ஆளுக்கொரு தென்னையடியில் நிற்கச் சொன்னார். அவரையும் அது விடவில்லை. பிரசங்கத்தின் நடுவே அவர் மூச்சு வாங்கிய இடைவெளியில், "சீக்கிரம் முடியும்வே, பசிக்கி" என்று அவர் பிடரி சொல்ல, கோயில் முழுக்க "ஆமென்" என்றது.

ஆனால் "நீ" என்கிற ஒரு சொல்லால் வந்த தொல்லைதான் பெரிய தொல்லை. தனக்குள் பேசும்போது யாரும் "நான்" என்று அதிகம் பேசுவதில்லை என்பது அதுவரை யாருக்கும் தெரியாது. "நீயெல்லாம் ஒரு ஆளாடே", "நீ எதுக்குச் சோறு திங்க" என்றுதான் மனசு பேசுகிறது. எதிரே உட்கார்ந்திருப்பவனுக்கோ அது தன்னைச் சொன்னதுபோலக் கேட்கிறது. கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த சந்தியாகு, "துரோகிப் பயல, நீ நல்லாவே இருக்க மாட்ட" என்று உள்ளே தன்னைச் சொல்லப்போய், பக்கத்தில் உட்கார்ந்து பொத்திய அவன் சிநேகிதன் எழுந்து போனவன் அப்புறம் அவன் வள்ளத்தில் ஏறவேயில்லை. இப்படிப் பல வீட்டில் ஆனபிறகு, யார் தொடங்கியதென்று தெரியாமல் ஒரு வழக்கம் வந்தது: காதில் எது விழுந்தாலும், கோபப்படுமுன் "ஒனக்கா, எனக்கா?" என்று கேட்க வேண்டும். கேட்டார்கள். கேட்டுக் கேட்டுத்தான் குடியிருப்பை ஒரு துக்கம் பிடித்தது, ஏனென்றால் பதில் எப்போது பார்த்தாலும் "எனக்குத்தான்" என்றே வந்தது. திருவிழாவுக்குப் பட்டுடுத்தி முதல் வரிசையில் நிற்கும் அமலோற்பவம் டீச்சர் தன்னை நாயே என்று கூப்பிட்டாள். கோயில் சப்பரத்தைத் தோளில் தூக்கும் கட்டுமஸ்தான பையன்கள், செத்தால் என்ன என்று தங்களையே கேட்டுக்கொண்டார்கள். அடுத்தவரை அப்படி வைதால் ஊர்க்கூட்டம் கூட்டி மன்னிப்புக் கேட்க வைப்பார்கள். தன்னைத்தானே வைவதற்குக் கூட்ட ஒரு கூட்டம் இல்லை.

மூன்றாம் வரிசையில் இருந்த ஜெனோவா அந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவள். அவளைப் பெற்ற கையோடு அவள் அம்மா இறந்துபோக, அப்பா அவளை மலையோரத்து ஊரொன்றில் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூட விடுதியில் விட்டார். எழுத்தும் இங்கிலீசும் தையலும் அங்கேதான் படித்தாள். மாலை ஜெபம் முடிந்ததும் அங்கே ஆத்துமசோதனை என்று ஒன்று உண்டு. பிள்ளைகள் முழங்காலில் நிற்பார்கள், விடுதி சிஸ்டர் ஜெபப் புத்தகத்தைப் பார்த்து வாசிப்பார்: இன்று நீ யார் மனத்தை நோகச் செய்தாய், நீ பெற்ற நன்மைகளுக்கு நீ தகுதியானவளா, நீ எதற்காகப் பிறந்தாய். ஒவ்வொன்றுக்கும் வாய் திறக்காமல் உள்ளேயே பதில் சொல்லிக்கொள்ள வேண்டும். மற்றப் பிள்ளைகளுக்கு வீட்டில் வேறு குரல்கள் இருந்தன, விடுமுறைக்குப் போய் அவற்றைக் கேட்டுவிட்டு வந்தார்கள். ஜெனோவாவுக்கு இருந்தது அந்த ஒரு குரல்தான். அதனால், குடியிருப்பு முழுக்க வீட்டுப் பேச்சில் தன்னை வைதுகொண்டபோது அவள் ஒருத்தி மட்டும் ஜெபப் புத்தகத் தமிழில் வைதுகொண்டாள்.

"நீ எதற்கும் தகுதியற்றவள். நீ தொட்டது எதுவும் துலங்காது" என்று அவள் பிடரியிலிருந்து வரும்போது குழாயடியே சிரிக்கும்.

"ரேடியோவுல செய்தி ஆரம்பிச்சிட்டு, எல்லாரும் சத்தம் போடாமக் கேளுங்கட்டி" என்பாள் மோட்சம்.

"அப்படியே இன்னைக்கு மழ உண்டான்னும் கேட்டுச் சொல்லு" என்பாள் இன்னொருத்தி.

ஜெனோவாவும் சேர்ந்து சிரிப்பாள். சிரிக்கிறபோது உள்ளே பேச்சு ஓடாது, அந்த அளவுக்கு அது நல்லது.

அவள் புருசன் கிளாட்வின் ஆழ்கடலில் நாள்கணக்காகத் தங்கி மீன்பிடிக்கும் படகில் போகிறவன். இதெல்லாம் தொடங்குவதற்கு முந்தியே, அவன் கடலில் இருக்கும்போதுதான் லிடியா பிறந்தாள், அன்றைக்கே ஜெனோவாவைப் பயமும் பிடித்துக்கொண்டது. குளிப்பாட்டும் தண்ணீரைக் கண்டு பயம், தொட்டில் கயிற்றைக் கண்டு பயம், பிள்ளை அழுதால் பயம், அழாமல் கிடந்தால் அதைவிடப் பயம். பிள்ளை "தா", "போ", "காக்கா" என்று பேச ஆரம்பித்திருந்த நாளில் ஒரு மத்தியானம், மடியில் போட்டுப் பருப்புச்சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளை உந்தி எம்பியதில் அடுப்பருகே இருந்த வடிகஞ்சிச் சட்டி சாய்ந்தது. ஆவி பறக்கப் பறக்கக் கஞ்சி ஓடி வந்தது, பிள்ளையின் காலுக்கு முன்னால் அவள் கை முந்திக்கொண்டது. பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் கைதான் வெந்தது. வெந்த கையை உதறக்கூட இல்லை, அதற்குள் அவள் உள்ளே, சுத்தமாக, திருத்தமாக, ஒரு எழுத்துப் பிசகாமல் அது சொன்னது: "நீ ஏன் பிறந்தாய்? நீ இல்லாதிருந்தால் எல்லோரும் நலமாக இருந்திருப்பார்கள்."

லிடியா அண்ணாந்து பார்த்தாள். அம்மாவின் உதட்டைப் பார்த்தாள், அது அசையவில்லை. எட்டிப் பிடரிப் பக்கம் பார்த்தாள், அங்கே யாருமில்லை. மறுபடி அம்மாவின் கண்ணைப் பார்த்தாள். ஒனக்கா எனக்கா என்று கேட்க அதற்கு வாய் வரவில்லை. மடியில் கிடக்கிற பிள்ளைக்கு நீ என்றால் அது தான்தான், வேறு யாராக இருக்க முடியும்?

"ஒனக்கில்ல மக்ளே, அது அம்மாவுக்கு, அம்மாவுக்கு அம்மா சொன்னது" என்று ஜெனோவா வாய்விட்டுக் கதறினாள். அதைச் சொல்லச் சொல்ல, அதுவும் பிள்ளையிடம் சொல்லக்கூடியதல்ல என்று தெரிந்தது. அன்றைக்குப் பிறகு லிடியா காக்காவைக் கண்டால் கை நீட்டினாளே தவிர, காக்கா என்று சொல்லவில்லை. பல் முளைக்கிறது, அதனால்தான் என்றார்கள். ஓதிப் பார்க்கச் சொன்னார்கள். காரணம் ஜெனோவாவுக்குத்தான் தெரியும்.

சின்னப் பிள்ளைகளுக்கு உள்பேச்சு இல்லை என்பதை அதற்குள் குடியிருப்பு கண்டுகொண்டிருந்தது. அவர்கள் எல்லாவற்றையும் வெளியேதான் பேசுவார்கள், பொம்மையிடம் பேசுவதும் தன்னிடம் பேசுவதும் ஒரே சத்தத்தில்தான் இருக்கும். பிறகு ஒருநாள், பல் விழுகிற மாதிரி, வாய் மூடியிருக்க முதல் உள்பேச்சு விழும். முதலில் விழுந்தது ஆன்றோ என்கிற பொடியனுக்கு. அலமாரி மேல் முறுக்கு டப்பாவுக்கு எக்கிக்கொண்டிருந்தவனின் பிடரி, "ஆன்றோ, அம்மை வாறா, எறங்குலே" என்றது. அவன் அம்மா சந்தோசம் தாங்காமல், பிள்ளை வளர்ந்துவிட்டான் என்று தெருவெல்லாம் சீனி கொடுத்தாள். அதைப் பார்த்து மற்றவர்களும் கொடுத்தார்கள். உள்பேச்சுச் சீனி என்று அதற்குப் பேராயிற்று. கொஞ்சம் வளர்ந்த பிள்ளை இருக்கிற வீட்டில் ஒரு தம்ளரில் சீனி தயாராக இருந்தது.

கடைசியில் அந்தச் சீனியே காட்டிக்கொடுத்துவிட்டது. ஐந்தாம் வரிசையில் மிக்கேலின் மகள் மண்ணில் வீடு கட்டிக்கொண்டிருந்தாள், சுவர் இடிந்து விழுந்தது, அவள் வாயை மூடிக்கொண்டு அதைப் பார்த்தாள். அப்போது அந்தப் பிஞ்சுக் குரல், "மூதேவி, ஒன் மூஞ்சில முழிச்சா வெளங்குமாட்டி" என்றது. குடித்துவிட்டு வந்து மிக்கேல் அவன் பெண்சாதியிடம் சொல்லும் அதே சொல், அதே இழுவை. சீனித் தம்ளரோடு வெளியே வந்த தாய் வாசலிலேயே நின்றாள். மிக்கேலும் அங்கேதான் நின்றான்.  அதற்குப்பிறகு அவன் குடித்தான்தான், ஆனால் குடித்தால் வீட்டுக்கு வராமல் வள்ளத்திலேயே படுத்துக்கொண்டான். பிள்ளைகள் எந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்தார்களோ அந்தப் பேச்சிலேயே தமக்குள்ளும் பேசுவார்கள் என்று அன்றைக்கு எல்லோருக்கும் விளங்கியது, சில வீடுகளில் சீனித் தம்ளரை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்கள்.

 லிடியாவின் முதல் உள்பேச்சு எதுவாக இருக்கும் என்று ஜெனோவாவுக்குத் தெரியும். மூன்றாம் வரிசை வாசலில், தெரு முழுக்கக் கேட்க, அந்தப் பிஞ்சுப் பிடரியிலிருந்து, எழுத்துப் பிசகாத ஜெபப் புத்தகத் தமிழில் அது வரும். வராமலிருக்கத் தன்னால் ஆனதெல்லாம் செய்து பார்த்தாள். உள்ளுக்குள் ஓயாமல் அருள் நிறைந்த மரியே சொன்னாள், வாய்ப்பாடு சொன்னாள், பள்ளிக்கூடத்து இங்கிலீசுப் பாட்டுகளைப் பாடினாள். ஜெபமாலையில் மணிக்கும் மணிக்கும் நடுவிலிருக்கிற சங்கிலி அளவு இடைவெளி கிடைத்தாலும் போதும், நீ என்று அது வந்து நிற்கும். பேச்சே இல்லாமல் வெறுமனே இருந்து பார்த்தாள், அப்போது பிள்ளையிடமும் பேச முடியாமல் போயிற்று. கடைசியில் பிள்ளையின் துணிகளை ஒரு பையில் போட்டு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, உள்ளே பாடிக்கொண்டே, கடைசி வரிசைக்குப் போனாள்.

கடைசி வரிசையில் இருந்தது கிளாட்வினின் அக்காள் பிரசில்லா. குடியிருப்பிலேயே பெரிய வாய்க்காரி, அவள் சண்டை பிடிக்காத வீடில்லை. ஆனால் உள்பேச்சு கேட்க ஆரம்பித்தபோது அவளுடையதைக் கேட்டுத்தான் சனம் வாயடைத்துப் போனது. "பிரசில்லா, கால் வலிக்கில்லா, செத்த நேரம் உக்காரு மக்கா" என்றும், "போட்டும், கரிஞ்சா என்ன, நாளைக்கு நல்லா வைப்ப" என்றும் அவள் பிடரி அவளைத் தடவிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். அதெப்படி என்று விசாரித்தவர்களிடம், "வெளிய எல்லாரையும் வஞ்சி முடிச்சிருதேன், உள்ள வைக்க என்னத்தட்டி மிச்சம் இருக்கு" என்பாள்.

"மைனி, பிள்ளையக் கொஞ்ச நாள் நீங்க வச்சிக்கிடுங்க" என்றாள் ஜெனோவா.

"ஏன், ஒனக்கு மேலுக்கு முடியலியா?"

ஜெனோவா பதில் தேடினாள். தேடுகிற இடைவெளியில் பிடரி பேசிவிட்டது. "நீ கேட்பதற்கும் தகுதியற்றவள். நீ தாயல்ல."

பிரசில்லா அதை முழுக்கக் கேட்டாள். மற்றவர்களைப்போலச் சிரிக்கவில்லை. பிள்ளையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு, "இதப் பிள்ள எத்தன தடவட்டி கேட்டிச்சி?" என்றாள்.

"தெரியல மைனி. நான் ஒறங்கும்போதும் பேசுதோ என்னமோ."

"வஞ்சா வாயத் தொறந்து வையேன். என்னைய வையி. ஒன் மாப்பிள்ளைய வையி. வீட்ட இப்படி தீப்பெட்டி மாதிரி கட்டிக் குடுத்தவன வையி. உள்ள போட்டு ஏன் பூட்டுத?"

"எனக்கு வையத் தெரியாது மைனி, எங்க பள்ளிக்கொடத்துல அது சொல்லித் தரல."

பிரசில்லா சிரித்தாள், சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "போ" என்றாள். "நீ வேணுங்கிறப்ப வா, தூரமா நின்னு பாத்துக்க. இது இங்க வஞ்சி வஞ்சி நல்லா வளந்துக்கிடும்."

கிளாட்வின் கடலிலிருந்து வந்தவன் காலியாகக் கிடந்த தொட்டிலைப் பார்த்தான். "பெத்த பிள்ளைய எங்க அக்கா வீட்டுல போட்டுட்டு நீ ராணியாட்டம் இருக்கியாக்கும்" என்று சத்தம் போட்டான்.  ஜெனோவாவின் பிடரிதான் ஜெபப் புத்தகத் தமிழில் பதில் சொன்னது. அவன் கேட்டான், சுவரில் சாய்ந்துகொண்டான், வழக்கப்படி, "ஒனக்கா, எனக்கா?" என்றான்.

"எனக்குத்தாங்க."

அவன் தரையில் உட்கார்ந்தான்.  அப்போது அவன் பிடரியிலிருந்து வந்தது: "லே கிளாட்வின், எதாவது சொல்லுலே. அவகிட்ட நல்லதா ஒரு வார்த்த சொல்லுலே. ஊமையா நீ, சொல்லுலே." அவள் கேட்டாள். அவள் கேட்கிறாள் என்று அவனும் கண்டான். அது விடாமல் சொல்லுலே, சொல்லுலே என்று அவனைப் போட்டு உலுக்கியது, அவன் வாயைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்து, "சோறு இருக்கா?" என்றான். அவள் எழுந்து போட்டாள்.

கடைசி வரிசைக்கு முன்னால் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி ஒன்று மேடைமேல் இருந்தது. அந்தத் தொட்டிக்கு இந்தப் பக்கம் நின்றால் உள்பேச்சு அந்தப் பக்கம் எட்டாது என்று ஜெனோவா மோட்சத்தை நிறுத்திச் சோதித்து வைத்திருந்தாள். தினமும் அங்கே வந்து நின்று பிள்ளையைப் பார்த்தாள். லிடியா பிரசில்லாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு கோழிக்குப் பின்னால் ஓடினாள், விழுந்தாள், எழுந்தாள். தவக்காலம் தொடங்குமுன் ஒருநாள், "ஏ காக்கா, ஓடுலே, மண்டைய ஒடச்சிருவேன்" என்று அச்சு அசல் பிரசில்லா மாதிரி கத்தினாள். தொட்டிக்கு இந்தப் பக்கம் நின்றவள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சந்தோசத்தில் அழுதாள், அழுதுகொண்டே, பிள்ளை தன்னிடம் கற்றுக்கொண்ட ஒரு சொல்லாவது அதில் இருக்கிறதா என்று தேடினாள். பிரசில்லா ஒரு தம்ளரில் சீனி போட்டு மூடி வைத்திருந்தாள். "விழுந்திச்சா மைனி?" என்று ஜெனோவா அங்கிருந்தே சைகையில் கேட்பாள். பிரசில்லா இல்லை என்று கையை விரிப்பாள். லிடியாவின் வயதுப் பிள்ளைகள் சிலருக்கு விழுந்துவிட்டது, லிடியாவுக்கு விழவில்லை. ஜெனோவா பயந்து பயந்து காத்திருந்தாள், பயத்திலும் அதைக் கேட்டுவிட வேண்டும் என்று காத்திருந்தாள். கேட்டுவிட்டால் தெரிந்துவிடும், பிள்ளைக்குள் போய் உட்கார்ந்தது யார் என்று.

மேற்கிலிருந்து கச்சான் காற்று எழும்பிய காலையில் குழாயடி அமைதியாக இருந்தது. மோட்சம் வரிசையில் நின்றாள், என்ன நினைத்தாளோ, யாருக்கும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் ஒருவர் பிடரியை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், பிறகு யாரோ சிரித்தார்கள், எல்லோரும் சிரித்தார்கள். சாயங்காலமே சீட்டுக்கட்டு வெளியே வந்தது. ஏலக்கூடத்தில் மாதா பாட்டு நின்றது. ஒனக்கா எனக்கா என்று கேட்பதும் நின்றது. அமலோற்பவம் டீச்சர் பட்டுடுத்தித் தெருவில் போனாள், அவள் இப்போது தன்னை என்னவென்று கூப்பிடுகிறாள் என்று தெரியாததால் எல்லோரும் அவளுக்குப் பழையபடி வணக்கம் சொன்னார்கள். மற்றவர்கள் நன்றாகத்தான் இருக்கிறார்கள் என்று மறுபடியும் நினைத்துக்கொள்ள முடிந்தது.

பிரசில்லா தம்ளரிலிருந்த சீனியைத் தேயிலைத் தண்ணீரில் போட்டுக் குடித்துவிட்டு, ஜெனோவாவைக் கூப்பிட்டாள். "இனிம யாருக்கும் ஒண்ணும் கேக்காதுட்டி. ஒன் பிள்ளைய நீ கூட்டிட்டுப் போ."

"மைனி, நான் பாக்காத நேரத்துல, மெதுவா, ஒரு சொல்லாவது இதுக்கு விழுந்திச்சா?"

"விழல."

"அப்ப இனிம எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதுதான். நமக்குள்ள ஓடுனது நம்ம அம்மைக்குத் தெரிஞ்சிச்சா என்ன?" என்று சொல்லிவிட்டு, தாயைக் காணாதவளிடம் சொல்கிறோம் என்று உறைத்து, பிரசில்லா நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிள்ளையின் பையை எடுத்துக் கொடுத்தாள். பிள்ளை போவதற்கு அழும் என்று இருவரும் நினைத்தார்கள், அது அழவில்லை, யார் கூப்பிட்டாலும் போகப் பழகிவிட்டிருந்தது.

வழியில் லிடியா கையை உருவிக்கொண்டு முன்னால் ஓடினாள். ரோட்டுக்குக் கொட்டியிருந்த ஜல்லியில் தடுக்கி விழுந்தாள். முட்டி சிராய்த்து ரத்தம் புள்ளி புள்ளியாக எட்டிப் பார்த்தது. அழுவதற்கு வாயைத் திறந்தவள், அழவில்லை, வாயை மூடிக்கொண்டாள். கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து, பக்கத்தில் யாரோ சொல்வதைக் கேட்கிற மாதிரி, எங்கேயும் பார்க்காமல் நின்றாள். நல்லதைச் சொன்னார்களோ கெட்டதைச் சொன்னார்களோ, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கையால் முட்டியைத் துடைத்தாள்.

ஜெனோவா ஓடிப்போய் மண்டியிட்டு, பிள்ளையின் பிடரியில் காதை வைத்தாள். தேங்காயெண்ணெயும் வியர்வையும் மணந்தது. கச்சான் காற்று இரைந்தது. வேறொன்றும் கேட்கவில்லை.

"மக்ளே, இப்ப ஒனக்குள்ள ஒண்ணு பேசிச்சா? என்ன சொல்லிச்சி? அம்மாகிட்ட சொல்லு."

லிடியா அவளைப் பார்த்தாள். சொல்லலாமா என்று யோசிக்கிற பார்வை, மூன்று வயதுகூட நிறையாத முகத்தில்.

"ஒண்ணுமில்லம்மா" என்றாள்.

ஜெனோவா பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். இனிக் கேட்டுப் பயனில்லை என்று தெரிந்தது, சொல்வதற்கு மட்டும்தான் வழியிருந்தது, அதனால் வாயைத் திறந்து பேச ஆரம்பித்தாள். பிள்ளையிடம் எதைப் பேசுவது என்று தெரியாததால் கண்ணில் பட்டதையெல்லாம் பேசினாள், அது கரண்டு கம்பி மக்ளே, அது யார் வீட்டு ஆடு பாரு, ஒனக்கு முட்டி எரியுதா, அம்மா ஊதுதேன், நீ விழுந்தா விழு மக்ளே, நீ நல்ல பிள்ள, நீ வந்தது அம்மாவுக்கு எம்புட்டு சந்தோசம் தெரியுமா, நீ, நீ, என்று மூச்சு விடாமல், மூன்றாம் வரிசை வரும்வரைக்கும் பேசிக்கொண்டே நடந்தாள். தோளில் கிடந்த பிள்ளை அவ்வப்போது தலையை ஆட்டியது. வெளியே கேட்கிற பேச்சுக்கு ஆட்டுகிறதா, உள்ளே ஓடுகிற பேச்சுக்கா என்று அவளுக்குத் தெரியவில்லை.